அடிப் போல்ட்டில் சுற்றிய நூல்

நான் இத்தா இருந்த அறைக்கு ஒரே ஒரு யன்னல். அந்த யன்னலுக்கு நேரே நாலு அடி தள்ளித்தான் எங்கள் கார் நின்றது. யன்னலுக்கு நீலச் சேலையொன்றை இரண்டாக மடித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். அதனால் காரைப் பார்க்க ஏலாது, சத்தம் மட்டும் கேட்கும்.

புருசன் இறந்து மௌத்தானால் பெண் நாலு மாசமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அதுதான் இத்தா. எங்கள் பக்கத்தில் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார்கள். வெள்ளை உடுப்புத்தான். அந்நிய ஆம்பிளைகளின் கண்ணில் படக் கூடாது. குரலும் வெளியே கேட்கக் கூடாதென்று வயது போன பெண்கள் சொல்லுவார்கள். எனக்கு முதல் மாசம் அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. நான் பிறவியிலேயே கூச்சக்காரி. ஆரும் என்னைப் பார்க்கிறார்கள் என்றால் கைகால் விறைத்துவிடும். பஸ்ஸில் ஏற மாட்டேன். ஓட்டோவில் போனாலும் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டுதான் போவேன்.

இரண்டாம் மாசத்தில்தான் அறை சின்னதாகத் தொடங்கியது. கட்டிலில் இருந்து சுவருக்கு ஆறு அடி, சுவரில் இருந்து குளியலறைக் கதவுக்கு ஐந்து அடி. சபுர் செய்யுங்கோ, பொறுமையாக இருங்கோ என்று சொல்லிவிட்டுப் போகிற பெண்களின் செருப்புச் சத்தம் வாசல் கேற்று வரைக்கும் போவதைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். அவர்கள் தெருவில் இறங்கிய பிறகும் என் காது கொஞ்சத் தூரம் அவர்களோடு போகும். மறுபடி திரும்பி வந்து காற்றாடிக்குக் கீழே படுக்கும்.

இப்படி ஓர் அறையில் நான் முதலும் இருந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் பெரிய பிள்ளையாகிவிட்டேன் என்று பள்ளியை நிற்பாட்டினார்கள். மருதமுனையில் எங்கள் வீட்டில் கைத்தறி போட்டிருந்தார்கள். அறைக்குள் இருந்துகொண்டே நூல் சுற்றினேன். கலியாணம் முடிக்கும் மட்டும் அதுதான் வேலை. அறுந்த நூலைப் பார்க்காமலே முடிச்சுப் போட்டுவிடுவேன். விரலுக்கு அது தெரியும்.

சுனாமியில் கடல் வந்த வருஷத்தில் அந்த வீடு போய்விட்டது. பிறகு கல்முனைப் பக்கம் இந்த வீட்டைக் கட்டி, மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பின்னறைக்கு வந்தோம். எங்களோடு வந்தது கார் மட்டும்தான். ஸ்ரீ போட்ட பழைய இலக்கத் தகடு, சாம்பல் நிறம், இங்கிலாந்தில் செய்த சின்னக் கார். என் மனுசன் நெல் ஆலையில் இயந்திரம் பார்த்தவர். அந்தக் காரை அவர் கராஜுக்கு விட்டதே இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு என்னை ஏற்றிக்கொண்டு கிட்டங்கிப் பாலத்தைத் தாண்டி நாவிதன்வெளிப் பக்கம் போவார். வயல் பச்சையாக இருந்தாலும் சரி, அறுத்துப் போட்டிருந்தாலும் சரி, ஓரிடத்தில் நிறுத்துவார். நான் இறங்க மாட்டேன். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு இருப்பேன். என்னை ஒருவரும் பார்க்காமல் நான் உலகத்தைப் பார்க்கிற இடம் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

இத்தா முடிந்தால் மகள் என்னை அப்படிக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தாள். அவள் பள்ளிக்கூட ரீச்சர், ஸ்கூட்டியில் மருதமுனைக்குப் போய் வருகிறவள். கார் லைசன்சும் எடுத்து வைத்திருக்கிறாள்.

ஆனால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

மருமகன் கெட்டவரில்லை. அக்கரைப்பற்றில் ஒரு கந்தோரில் மேசை வேலை. பின்னேரம் வந்து ஸ்டார்ட்டர் குமிழை இழுத்துப் பார்ப்பார். "ஙீ" என்று வெறும் மோட்டர் சுற்றும், எஞ்சின் அசையாது. ஒரு புதன்கிழமை கோபத்தில் ஏழெட்டுத் தடவை இழுத்தார். கடைசி இழுவைக்குக் "கடக்" என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் அவர் மகளிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"மோட்டர் எரிஞ்சிட்டு. குருணாகல்ல இருந்து ஒருத்தர் கேக்கிறார், உடைச்சுச் சாமான் எடுக்க. சனிக்கிழமை லொறி கொண்டு வாறாராம்."

"உம்மாவ நான் அதிலதான் கூட்டிப் போறெண்டு சொல்லியிருக்கன்."

"ஓடினா வெச்சிரு. நான் வேணாம் எண்டனா? ஓடாத காரை வெச்சுப் பூ நடுறதா?"

"நாளைக்கு மெக்கானிக் பாஸைக் கூப்பிட்டுக் காட்டுங்க. சரிவராட்டி லொறி வரட்டும்."

"சரி. நாளைக்கு மட்டும்தான்."

மோட்டர் எரியவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் "கடக்" சத்தம் எனக்குப் பழக்கம். ஸ்டார்ட்டரின் முனையில் சின்னப் பல்லுச் சில்லு ஒன்று இருக்கிறது. குமிழை இழுத்தால் அது சுற்றிக்கொண்டு முன்னே போய் எஞ்சினின் பெரிய பல்லுச் சில்லைக் கடித்து அதைச் சுற்றும். எஞ்சின் பிடித்ததும் தானாக விட்டுவிட்டுப் பின்னுக்கு வந்துவிடும். அழுக்குப் பிடித்தால் போகாது, இல்லாவிட்டால் போன இடத்தில் கடித்தபடி நின்றுவிடும். கழற்றிக் கழுவினால் சரி.

இதை நான் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்ல ஏலாமல் இருந்தது.

கடைசி ஆறு வருஷமும் என் மனுசனுக்குக் கை நடுங்கியது. பீங்கானில் இருந்து சோற்றை வாய்க்குக் கொண்டு போகவே பாடு. ஸ்பேனர் பிடிக்கிறதைப் பற்றிக் கதைக்க வேண்டியதில்லை. அது ஆருக்கும் தெரியக் கூடாதென்று இருந்தார். மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு கேற்றைப் பூட்டுவார். ஜாக்கி போட்டு, கல் வைத்துக் காரை ஒரு பக்கம் உயர்த்துவோம். பன்பாய் விரித்து நான்தான் கீழே போவேன். அவர் கதிரையைப் போட்டுக்கொண்டு மேலே இருந்து சொல்லுவார். முதல் முதல் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. காருக்குக் கீழேயும் ஆரும் என்னைப் பார்க்க மாட்டார்கள்தானே.

வேலை முடிந்து எஞ்சின் பிடித்ததும் அவர் ஒரு வேலை செய்வார். கழிவெண்ணெய்த் தகரப் பேணிக்குள் இரண்டு கையையும் விட்டுத் தோய்ப்பார். முழங்கை வரை கறுப்பாக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போய் நிற்பார். ரோட்டில் போகிறவர்கள் அண்ணன் முறை வைத்து, "என்ன காக்கா, இந்த வயசிலும் விடுறாயில்லையே!" என்பார்கள். கறுப்புப் பூசின கை நடுங்கினால் வேலைக் களைப்பென்று நினைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நான் குசினிக்குள் சாம்பலும் சவக்காரமும் போட்டு என் கையைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

இதில் நான் ஒருவருடைய பேரும் எழுதவில்லை. அதனால் அவருக்கு ஒன்றும் குறையாதென்று நினைக்கிறேன்.

மறுநாள் வியாழக்கிழமை, மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு மெக்கானிக் பாஸ் வந்தார். சாய்ந்தமருதுக்காரர், நாற்பது வயதிருக்கும் என்று குரலில் தெரிந்தது. மருமகன் அரை நாள் லீவு போட்டிருந்தார். மகளும் வேளைக்கு வந்துவிட்டாள்.

"ராத்தா, இந்தக் காரின்ட வயசுக்கு இதுக்குப் பென்சன் குடுத்திருக்கணும்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டுதான் பாஸ் பொனட்டைத் திறந்தார்.

"கதைய விட்டுட்டு வேலையப் பாருங்க பாஸ். சனிக்கிழமை இதுக்கு மௌத்துத் தேதி வெச்சிருக்கு" என்றாள் மகள்.

முதலில் கியரைப் போட்டுவிட்டுக் காரை முன்னும் பின்னுமாகத் தள்ளினார்கள். நாலாம் தள்ளுக்குக் "கடக்" என்று கடி விட்டது. அந்த மனுசனுக்கு வேலை தெரியும் என்று எனக்கு நிம்மதி வந்தது. ஆனால் அடுத்த சத்தம் ஸ்பேனர் சத்தமாக இருந்தது. பெட்டரிப் பக்கம் அவர் போகவே இல்லை. நான் கட்டிலில் இருந்து எழும்பிவிட்டேன். கதவடிக்கு மகளைக் கூப்பிட்டேன்.

"பெட்டரி வயரைக் கழட்டிப் போட்டுத் தொடச் சொல்லு. நெருப்புப் பறக்கும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வாப்பா அப்பிடித்தான் செய்வார். போய்ச் சொல்லு."

அவள் போய்ச் சொன்னாள். பாஸ் சிரித்தார். "ஓம் ராத்தா, மறந்துதான் போயிட்டன். மௌத்தாகியும் உங்கட வாப்பா ஆள விடுறாரில்லையே."

மேல் போல்ட் கழன்றது. அதைக் கழற்ற யாராலும் முடியும். அடிப் போல்ட்தான் கள்ளன். கண்ணுக்குத் தெரியாது. கீழே மல்லாந்து படுத்து, கையை மேலே விட்டு, தடவித்தான் பிடிக்க வேண்டும். பாஸ் மூச்சுவிடுகிற சத்தம் காருக்குக் கீழிருந்து வந்தது. பிறகு ஸ்பேனர் வழுக்குகிற சத்தம். இன்னொரு தடவை வழுக்கியது. எனக்குப் பல்லுக் கூசியது. போல்ட்டின் மூலைகள் தேய்ந்துவிட்டால் பிறகு ஒருவராலும் கழற்ற முடியாது. வெட்டத்தான் வேண்டும். வெட்டுகிற வேலை சனிக்கிழமைக்குள் முடியாது.

நாலு அடியில் நான் நிற்கிறேன். நடுவில் ஒரு சேலை. கையை நீட்டினால் அந்த மனுசனின் காலைத் தொட்டுவிடலாம். ஒரு சொல்லுச் சொன்னால் போதும். ஆனால் குரல் வெளியே கேட்கக் கூடாது. திரும்பவும் மகளைக் கூப்பிட்டேன்.

"வாய் திறந்த ஸ்பேனர் வேணாம். வளைஞ்ச ரிங் ஸ்பேனரைப் பின்பக்கத்தால விடச் சொல்லு."

மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இதுவும் வாப்பாவா?" என்றார் பாஸ் கீழே கிடந்தபடி.

"ஓம், வாப்பாதான்."

"வீட்டுக்குள்ள இருந்து ஒரு கராஜே நடக்குது போல!"

ஆனாலும் ஸ்பேனரை மாற்றினார். கொஞ்ச நேரத்தில் போல்ட் கிரீச்சென்று விட்டது. ஸ்டார்ட்டரை இறக்கிச் சாக்கில் வைக்கிற பாரச் சத்தம் கேட்டது. பெட்டரியில் நேரே வயர் கொடுத்துச் சுற்றிப் பார்த்தார்.

"நானா, மோட்டர் குதிரை மாதிரி இரிக்கி. ஆரு எரிஞ்சிட்டெண்டு சொன்ன?"

நானா என்று அண்ணன் முறையில் கூப்பிட்டது மருமகனை. "அப்ப எங்க பிழை?" என்றார் அவர்.

"பல்லுச் சில்லுதான் இறுகிப்போய்க் கிடக்கு. இஞ்ச பாருங்க, கறுத்த களி. இதுக்கு ஆரு எண்ணெய் விட்ட?"

நான் பயந்த கேள்வி அதுதான்.

அந்தச் சில்லு ஓடுகிற தண்டுக்கு எண்ணெய் விடவே கூடாது. எண்ணெயில் தூசி ஒட்டும். எங்கள் ஊரில் கடற்காற்று உப்பையும் மணலையும் கொண்டுவந்து அதில் அப்பிவிடும். கடல் வந்த வருஷம் உள்ளே போன மணலைத் தன் கையால் கழுவும்போது, பக்கத்தில் நின்ற எனக்கு என் மனுசனே அதைச் சொன்னவர். மண்ணெண்ணெயில் கழுவு, துடை, காயவிடு, வெறும் தண்டாக மாட்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்தோம்.

அவர் மௌத்தாக இரண்டு மாசத்துக்கு முதல் கடைசித் தடவையாகக் கழற்றினோம். கழுவித் துடைத்து அவரிடம் காட்டினேன். "ஒரு சொட்டு எண்ணெய் விடு புள்ள" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "எண்ணெய் விடப்படாது எண்டு நீங்கதானே..." என்று தொடங்கினேன். "விடு எண்டா விடு! எனக்குப் படிப்பிக்கிறியா?" என்று கத்தினார். அதுவரைக்கும் அவர் என்னைக் கத்தினதில்லை. அந்த நாட்களில் அவர் சில நேரம் என்னைத் தன் உம்மா என்று நினைத்துக் கதைப்பார். அவர் சொல்வது பிழையென்று தெரிந்துகொண்டே தையல் மெஷின் எண்ணெயை எடுத்து விட்டேன். பிழையென்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் அவருக்குத் தன் நிலைமை விளங்கியிருக்கும். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

வெளியே மருமகன் சொன்னார்: "மாமாதான் விட்டிருப்பார். வேற ஆரு இதைத் தொடுற?"

"பெரிய மெஷின்காரர் எண்டுதானே ஊரெல்லாம் கதை! நேத்து வேலைக்கு வந்தவனும் இதைச் செய்ய மாட்டானே நானா."

"கடைசில மூளை கலங்கிற்று பாஸ். என்ன செய்றாரெண்டு அவருக்கே தெரியா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை. ஒரு மனுசன் போன பிறகு சிரிக்கிற சின்னச் சிரிப்பு.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் மூளை கலங்கினவர். உள்ளதைச் சொன்னால் பெண்சாதியைக் காருக்குக் கீழே விட்டுவிட்டுக் கையில் கறுப்புப் பூசிக்கொண்டு நின்றவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரைத்தான் இடிக்கிறது. நான் சேலைக்கு அருகில் போய் நின்றேன்.

"அது நான் விட்ட எண்ணெய்."

என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

"மாமி? நீங்களா?" என்றார் மருமகன்.

"ஓம். தையல் மெஷினுக்கு விடுறாப்போல கொஞ்சம் விட்டன். எனக்குத் தெரியா."

மருமகன் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா பாஸ்! மாமாட காருக்கு மாமி வைத்தியம் பாத்திருக்கா. நல்லகாலம், பெற்றோலுக்குப் பதிலா தேங்காயெண்ணெய் ஊத்தல்ல."

மகளும் சிரித்தாள். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு என்னில் விழுந்தால் எனக்கு ஒன்றுமில்லை.

பாஸ் மட்டும் சிரிக்கவில்லை. மருமகன் மண்ணெண்ணெய் எடுக்கக் குசினிப் பக்கம் போனார். மகளும் பின்னால் போனாள். அப்போது யன்னலுக்கு மிக அருகில் பாஸின் குரல் வந்தது. மெதுவாகக் கேட்டார்.

"உம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்க. இது உள்ளுக்கு மூடிக் கிடக்கிற சாமான். கழட்டாம இதுக்கு எண்ணெய் விட ஏலா."

நான் சேலைக்கு இன்னும் கிட்டப் போனேன்.

"அடிப் போல்ட்டுல நூல் ஒண்டு சுத்திக் கிடக்கு. நீல நூல். போல்ட் கைதவறி மண்ணுல விழாம இருக்கக் கட்டினது. இருபது வருஷமா இந்த வேலை செய்றன். எந்த ஆம்பிளையும் இப்பிடி ஒரு முடிச்சுப் போட்டு நான் காணல்ல."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மருமகன் வருகிற சத்தம் கேட்டதும், "மண்ணெண்ணெய இஞ்சால தாங்க நானா, இதுக்கு எண்ணெய் விட்டா இனி நான் உங்களைத்தான் கழுவுவன்" என்று பழைய சத்தத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

கழுவித் துடைத்துச் சுற்றிப் பார்த்தார்கள். சில்லு போனது, வந்தது. அதன் சத்தம் சுத்தமாக இருந்தது. ஆனால் மாட்டும்போதுதான் வில்லங்கம். மேல் போல்ட்டைப் பிடிக்கவைத்தாயிற்று. அடிப் போல்ட்டை விரல் நுனியில் வைத்துக் குருட்டில் துவாரத்தைப் பிடிக்க வேண்டும். பாஸின் விரல் தடித்த விரல். மூன்று தடவை போல்ட் மணலில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்து, கழுவி, திரும்பவும் பார்த்தார். ஒரு தடவை போல்ட்டின் திருகுப் புரி குறுக்காக ஏறி, சிரமப்பட்டுத் திரும்ப எடுத்தார். "இன்னொருக்கா இப்பிடி ஏறினா புரி செத்திடும்" என்று தனக்குத்தானே சொன்னார்.

அந்த நேரம் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற அசர் பாங்கு சொன்னது. பாஸ் காருக்குக் கீழிருந்து வெளியே வந்தார். பிறகு தேவைக்கு மிஞ்சின சத்தத்தில் கதைத்தார்.

"நானா, வாங்க தொழுதிட்டு வருவம். கேற்ற வெளியால பூட்டிட்டுப் போவம். மோட்டர் மேல் போல்ட்டுல தொங்குது. அடிப் போல்ட் பன்பாயில தலைமாட்டுல கிடக்கு. ரிங் ஸ்பேனரும் பக்கத்தில. காருக்குக் கீழ இருக்கிற லைற்ற நான் அணைக்கல்ல. தொழுது ஒரு பிளேன்ரீயும் குடிச்சிட்டு வர அரை மணித்தியாலம் போகும்."

"ஆருக்குப் பாஸ் இதெல்லாம் சொல்றீங்க?"

"ஜின்னுக்கு. அரைகுறையா விட்ட வேலைய அதுகள் சில நேரம் முடிச்சு வைக்கும்."

கேற்றுப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

நான் கொஞ்ச நேரம் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றேன். வளவு எங்கள் வளவுதான். அந்நிய ஆம்பிளை ஒருவரும் இல்லை. இத்தாவுக்கு அதில் பிழை வராதென்று நினைத்தேன். பிழையென்றால் அல்லாஹ் மன்னிக்கட்டும். யன்னல் சேலையின் ஓரத்தில் பிசிர் நின்ற நூலொன்றை உருவி எடுத்தேன். மகள் தன் அறையில் தொழுகைக்கு நின்றாள். பின்கதவால் இறங்கினேன்.

நூறு நாளைக்குப் பிறகு வெயில் காலில் பட்டது. நான் நின்று பார்க்கவில்லை. பன்பாயில் படுத்துக் கீழே போனேன். அங்கேயும் அகலமில்லை. மூக்குக்கு மேலே இரும்பு, தோளுக்கு இரண்டு பக்கமும் இரும்பு. போல்ட்டின் கழுத்தில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, மற்ற நுனியை விரலில் கட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால்தான் பிழை வரும். விரல் துவாரத்தைக் கண்டுபிடித்தது. பின்னுக்கு அரைச் சுற்று, பிறகு முன்னுக்கு. புரி நேராகப் பிடித்தது. ரிங் ஸ்பேனரை விட்டுக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினேன். நூலைப் பல்லால் அறுத்தேன்.

வெளியே வரப் பார்த்தபோது முழங்கால் மடங்கவில்லை. நூறு நாள் நடக்காமல் இருந்த கால். வலது தோள் இரும்புக்கும் தரைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டது. குதியால் உந்தினேன், பாய் சுருண்டதே ஒழிய நான் அசையவில்லை. அந்தப் பல்லுச் சில்லைப் போல, போனது கடித்துக்கொண்டு நின்றுவிட்டது, அவ்வளவுதான். மகளைக் கூப்பிட வேண்டும். சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள். வெள்ளை உடுப்போடு காருக்குக் கீழே கிடக்கிற என்னை அவர்கள் இழுத்தெடுக்க வேண்டும். நான் சத்தம் போடவில்லை. ஸ்பேனரை எடுத்து இரும்பில் மெதுவாகத் தட்டினேன். ரெண்டு தட்டு, பிறகு ரெண்டு தட்டு.

ரோட்டில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பாஸின் செருமல் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை.

"நானா, இந்தப் பூட்டுச் சாவிக்கு என்ன நடந்த? திறக்குதில்லையே."

"இஞ்ச தாங்க, நான் பாக்கிறன்."

"பொறுங்க பொறுங்க, உடைச்சுப் போடாதீங்க. நானே பாக்கிறன்."

அப்போது மகளின் கால்கள் தெரிந்தன. குனிந்து பார்த்தாள். அவள் முகத்தை நான் தலைகீழாகத்தான் கண்டேன்.

"உம்மா!"

"கத்தாத. பாயைப் பிடிச்சு இழு."

பாயின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து என்னோடு சேர்த்து இழுத்தாள். தோளில் உடுப்புக் கிழிந்தது. என்னைத் தூக்கி நிறுத்தி அணைத்தபடி பின்கதவால் உள்ளே கொண்டு வந்தாள். கதவு சாத்தின பிறகுதான் கேற்றுப் பூட்டுத் திறந்தது.

பாஸ் காருக்குக் கீழே போனார். பிறகு ஸ்பேனர் ஒரே ஒரு தடவை அசைந்தது. "பிடிச்சிட்டு" என்றார். பெட்டரி வயரைப் பூட்டினார்கள். மருமகன் குமிழை இழுத்தார். எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது. யன்னல் சேலை அந்த அதிர்வில் நடுங்கியது.

மகள் என் முன்னால் நின்றாள். என் வெள்ளை உடுப்பின் முதுகிலும் தோளிலும் கறுப்பு. அவள் சவக்காரமும் வாளியும் கொண்டு வந்து வைத்தாள்.

"எத்தின வருஷம் உம்மா?"

"ஆறு."

"அப்ப வாப்பாட கையில கிடந்த கறுப்பு?"

"அது பூசினது."

அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வாளிக்குள் குனிந்துகொண்டாள். "இவருக்குச் சொல்ல வேணாம்" என்றாள் பிறகு. "ஆருக்கும் சொல்ல வேணாம்" என்றேன். உடுப்பை மூன்று தரம் தோய்த்தாள். தோளில் இருந்த கறுப்பு முழுதாகப் போகவில்லை. மிச்ச நாளும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், தோளில் ஒரு துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு.

சனிக்கிழமை காலையில் லொறி வந்தது. வர வேண்டாம் என்று மருமகன் சொல்லியும் அந்த மனுசன் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்திருந்தார். மருமகன் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். நிற்பாட்டினார். திரும்பவும் ஸ்டார்ட் பண்ணினார். இரண்டு தடவையும் சில்லு போய்க் கடித்து, விட்டுவிட்டு வந்த சத்தத்தை நான் கட்டிலில் இருந்து கேட்டேன்.

"சோக்கா வெச்சிருக்கீங்க. ஆரு பாத்த?" என்று அந்த ஆள் கேட்டார்.

"மாமாதான். கடைசி மட்டும் அவர்தான் கீழ படுத்துக் கழட்டினவர்" என்றார் மருமகன். "நடுவில மாமி கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பழுதாக்கிப் போட்டா. இப்ப சரி. இனிக் குடுக்கிறதா இல்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். லொறி திரும்பிப் போனது. அதன் சத்தத்தோடு என் காது பெரிய ரோட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. இத்தா முடிய இன்னும் நாலு கிழமைக்குக் கொஞ்சம் குறையக் கிடந்தது. நான் தோளில் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, லுஹருக்கு நேரமாகிவிட்டதா என்று மகளிடம் கேட்டேன்.